திருப்பூருக்கு ரகு வைத்த தேர்வு

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குத் திருப்பூர் ரயில் நிலையத்தில் இறங்கியபோது ரகுவின் முகத்தில் ஒரு நீதிபதியின் களை வந்திருந்தது. பெங்களூரிலிருந்து ராத்திரி முழுக்க மேல் பெர்த்தில் குறட்டை விட்டுக்கொண்டு வந்த மனிதனுக்கு இந்தக் களை எந்த ஸ்டேஷனில் ஏறியது என்று எனக்குத் தெரியவில்லை. பையைத் தோளில் மாட்டினான், பிளாட்பாரத்தை மேலும் கீழும் பார்த்தான், "சரி, ஆரம்பிக்கலாமா?" என்றான்.

ரகு என் கணவன். நான் கலை, வேலை பார்ப்பது பெங்களூரில் ஒரு பையிங் ஆபீஸில். பையர் எனப்படும் வெளிநாட்டுக் கடைக்காரருக்கும் இங்கே தைத்து அனுப்பும் கம்பெனிக்கும் நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகம். எட்டு வருஷமாகத் திருப்பூரில் தைத்த துணியைக் கூரியரில் பிரித்துப் பார்த்தே காலம் தள்ளியவளுக்கு, திருப்பூர் கிளைக்கே தலைமை ஏற்று வரச்சொல்லி மின்னஞ்சல் வந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்கு அந்த வேலை வேண்டும். சுற்றி வளைக்காமல் சொல்வதென்றால், அந்த மின்னஞ்சல் வந்த அன்று குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆடினேன்.

ரகுவுக்குக் கம்ப்யூட்டர் வேலை. லேப்டாப்பைத் திறக்கிற இடம்தான் அவனுக்கு ஆபீஸ். வரலாம், தடையில்லை. ஆனால் அவனுடைய வெள்ளிக்கிழமைகள் பெங்களூரில் இருக்கின்றன. எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரத்தில் தாங்களே பீர் காய்ச்சி ஊற்றும் கடைகள் நான்கு. அதில் ஒன்றில் அவனுக்கென்று ஒரு நாற்காலியே உண்டு. மாதம் இரண்டு முறை திரைப்படக் கழகத்தில் யாரும் கேள்விப்படாத நாட்டிலிருந்து வந்த படம். நடுவில் சாப்பாட்டுக் கடை வேட்டை. "பனியன் தவிர அந்த ஊரில் என்ன இருக்கு?" என்று கேட்டான். சண்டை மூன்று நாள் ஓடி, கடைசியில் ஒப்பந்தம் ஆயிற்று. இரண்டு நாள் திருப்பூர். திரும்பிப் போகத் தோன்றும்படி ஒரு சாப்பாடு, அவன் வாயால் பாராட்டும்படி ஒரு பானம், எழுந்து போகாமல் கடைசி வரை பார்க்கும்படி ஒரு படம். மூன்றும் கிடைத்தால் குடிவருவோம். ஒன்று தவறினாலும் நான் வேலை வேண்டாம் என்று எழுத வேண்டும்.

ஒப்புக்கொண்டேன். சாம்பிள் அனுப்பி அப்ரூவல் வாங்குவதுதானே என் தொழில்? இந்த முறை பையர் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான் வித்தியாசம்.

நிலையத்துக்கு எதிரே டீ பதினைந்து ரூபாய். ரகு அன்று போட்டிருந்தது அவனுடைய பீர் கடையின் டி-ஷர்ட். வெள்ளை, நெஞ்சில் நுரை பொங்கும் கண்ணாடிக் குவளைப் படம், நூறாவது குவளையைக் குடித்ததற்காகக் கடைக்காரரே பரிசாகக் கொடுத்தது. இஸ்திரி போடாமல் அதை அவன் அணிந்ததில்லை. டீ கொடுத்தவர் கிளாஸை நீட்டிவிட்டு, அதே கையால் ரகுவின் டி-ஷர்ட் ஓரத்தைப் பிடித்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். ரகு ஒரு அடி பின்னால் போனான்.

"நல்ல கனமான துணிங்க. இருநூத்தி நாப்பது இருக்குமுங்க. எங்கூருத் துணிதானுங்க."

"இது பெங்களூர்ல வாங்கினது" என்றான் ரகு.

"வாங்கறது எங்க வேணா வாங்கலாமுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. திருப்பூரில் இது வழக்கம். அறிமுகமே இல்லாதவர் உங்கள் சட்டையைத் தொட்டுப் பார்த்து, ஒரு சதுர மீட்டர் துணி இத்தனை கிராம் என்று கணக்குச் சொல்லிவிட்டுப் போவார். நானும் அதே ரகம்தான். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் ஜிப்பாவைத் தேய்த்துப் பார்த்து என் மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

இரண்டு நாளைக்கும் ஒரு வண்டி பேசியிருந்தேன். ஒரு நாளைக்கு 2,800 ரூபாய், பெட்ரோல் உட்பட. ஓட்டுநர் செந்தில் முப்பது வயதுக்காரர். வெளிநாட்டுப் பையர்களை விமான நிலையத்திலிருந்து கூட்டி வந்து, கம்பெனி கம்பெனியாகச் சுற்றிக் காட்டித் திரும்பக் கொண்டுபோய் விடுவது அவர் வேலை. நாலைந்து பாஷையில் "சீட் பெல்ட் போடுங்க" சொல்லத் தெரியும் என்றார். பகல் பன்னிரண்டுக்கு அவரிடம், "இந்த ஊரிலேயே நல்ல சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிட்டுப் போங்க செந்தில்" என்று சொன்னேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு.

அவர் கூட்டிப்போன இடத்தில் குளிர் நன்றாக இருந்தது. மேஜைத் துணி நன்றாக இருந்தது. மெனு அட்டை ஒரு பள்ளிக்கூட அட்லஸ் கனம். வந்த கோழிக்கு உப்பில்லை, காரமில்லை, அது கோழி என்பதற்கான ஆதாரமும் குறைவு. கூட வந்த சோறு பால் நிறத்தில் இருந்தது, சுவையும் அதே நிறம்தான். பில் 860 ரூபாய். ரகு வாயைத் துடைத்துக்கொண்டு, "ம்" என்றான். அந்த "ம்"மில் இருந்த சந்தோஷத்தை என்னால் தாங்க முடியவில்லை.

வெளியே வந்து செந்திலிடம் நேராகவே கேட்டேன். "இதுவா நல்ல கடை?"

"ஏனுங்க்கா, நல்லா இல்லீங்களா? பையருங்க எல்லாரும் இங்கதானுங்க சாப்புடுவாங்க. ஒருத்தரும் கண்ணுல தண்ணி வெச்சதில்லீங்க."

விஷயம் புரிந்தது. வெளியூர்க்காரர் என்றால் காரம் ஆகாதவர் என்று இந்த ஊர் முடிவு கட்டிவிட்டது. விருந்தாளிக்கு வயிறு கெடக்கூடாது என்ற அக்கறையில், தான் வாயில் வைக்காத சாப்பாட்டை அவர்களுக்குக் காட்டுகிறது. கேள்வியை மாற்றினேன்.

"ஞாயித்துக்கிழமை நீங்க எங்க சாப்பிடுவீங்க?"

"ஊட்டுலீங்க."

"வீட்ல சமைக்கலைன்னா?"

செந்தில் தலையைச் சொறிந்தார். "காங்கேயம் போயிருவோமுங்க. ஆனா அதெல்லாம் உங்களுக்கு..."

"வண்டியை எடுங்க."

ரகு, "அதான் சாப்பிட்டாச்சே" என்றான். அது சாப்பாட்டுக் கணக்கில் வராது என்று தீர்ப்பைத் திருத்தி எழுதினேன்.

காங்கேயம் திருப்பூரிலிருந்து இருபத்தேழு கிலோமீட்டர். ஊர் நெருங்கும்போதே வாசனை மாறிவிடும். களங்களில் உடைத்த தேங்காய்கள் வெயிலில் முதுகு காட்டிக் கிடக்கின்றன, காற்றே எண்ணெய் தடவிக்கொண்டு வருகிறது. ஒரு எண்ணெய் மில்லுக்குப் பின்புறம் தகரக் கொட்டகை, ஆறு பெஞ்சு. பெயர்ப்பலகை கிடையாது. பழனிச்சாமி என்பவர் நடத்துகிறார். அடுப்பில் அவர், பரிமாறுவது அவர் மனைவி. மில்லில் காலையில் ஆட்டிய எண்ணெய் மதியம் அவருடைய சட்டிக்கு வந்துவிடும்.

ரகு மெனு கேட்டான். பழனிச்சாமி அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"இலையப் போட்டா வருமுங்க."

வந்தது. முதலில் அரிசியும் பருப்பும் சேர்த்து வடிக்காமல் வேகவைத்த சாதம். மேலே ஒரு கரண்டி நெய். பிறகு கோழி. மசாலாப் பொடி எதுவும் இல்லை. சின்ன வெங்காயம், விதை எடுத்த வரமிளகாய், பல்லுப் பல்லாய் நறுக்கின தேங்காய், அந்த எண்ணெய், உப்பு. அவ்வளவுதான் போட்டதாகப் பழனிச்சாமி சத்தியம் செய்தார். முதல் வாயிலேயே எனக்கு மூக்கு ஒழுகியது, இரண்டாவது வாயில் அதைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டேன். கூடவே கொள்ளு ரசம். ரகு எதுவும் பேசவில்லை. பேசாமல் இருந்தால் நல்ல அறிகுறி. அவன் மோசமான சாப்பாட்டைப் பற்றித்தான் பேசுவான்.

இரண்டாம் முறை சோறு வந்தபோது கையை இலைக்கு மேல் குறுக்கே நீட்டி, "போதும்" என்றான். பழனிச்சாமியின் மனைவி அந்தக் கையைச் சுற்றி வளைத்துச் சோற்றைப் போட்டார்.

"ஒறம்பரையா விருந்துக்கு வந்துட்டு அரை வயித்தோட எந்திரிக்கலாமுங்களா? சும்மா சாப்புடுங்க சாமி."

மூன்றாம் முறை ரகு கையை நீட்டவில்லை. மதியம் உப்பில்லாத கோழி அடைத்த இடம் எங்கே போனதென்று கேட்டேன், முறைத்தான். கண்ணில் தண்ணீர், நெற்றியில் வியர்வை, வாயில் சிரிப்பு. இரண்டு பேருக்கு 340 ரூபாய். கை கழுவும்போது, "அடுத்த வாரம் திறந்திருக்குமா?" என்று அவனே பழனிச்சாமியிடம் கேட்டான். கேட்ட பிறகுதான் பக்கத்தில் நான் நிற்பதைக் கவனித்தான். ஒன்று முடிந்தது.

அன்று சாயங்காலம் படத்துக்குப் போகலாம் என்பது என் திட்டம். சனிக்கிழமை திருப்பூரில் வாரச் சம்பளம். ஐந்து மணிக்கு மேல் ஊர் முழுக்கத் தெருவுக்கு வந்துவிட்டது. தள்ளுவண்டியில் காளான் வறுபடுகிறது, ஒரு பக்கம் இந்தி, ஒரு பக்கம் தூத்துக்குடித் தமிழ், துணிக்கடை வாசலில் குழந்தைகளை இடுப்பில் வைத்துப் பேரம் பேசும் அம்மாக்கள். போன மூன்று தியேட்டரிலும் டிக்கெட் இல்லை. கிடைத்திருந்தாலும் செல்லாது என்றான் ரகு. அதே படம் பெங்களூரிலும் ஓடுகிறதாம். பானத்துக்கு என்ன செய்வதென்று செந்திலைக் கேட்டோம். அவர் சங்கடத்தோடு அரசாங்கக் கடையைக் காட்டினார். அங்கிருந்த கம்பிக்கதவையும் வரிசையையும் ரகு வண்டிக்குள்ளிருந்தே பார்த்தான். "வேண்டாம்" என்றான், குரலில் வருத்தமே இல்லாமல். இந்த மாநிலத்தில் பீர் காய்ச்சி ஊற்றும் கடை கிடையாது என்று பெங்களூரிலேயே தெரிந்துகொண்டுதான் இந்த நிபந்தனையைப் போட்டிருக்கிறான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. படுபாவி. அன்று அவனுக்கு முதுகைக் காட்டிப் படுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கே ஒரு யோசனை வந்தது. செந்திலிடம் பீர் என்ற வார்த்தையையே எடுக்காமல், "இங்கே யாராவது எதையாவது புளிக்க வெச்சு, பாட்டில்ல அடைச்சு விக்கிறாங்களா?" என்று கேட்டேன்.

"சோடாக்கார மல்லிகாக்காங்களா?" என்றார் செந்தில், நேற்றே கேட்டிருக்கலாமே என்ற முகத்தோடு.

அவர் இருக்கும் பெருமாநல்லூர் வடக்கே பன்னிரண்டு கிலோமீட்டர். போகிற வழியெல்லாம் தையல் கம்பெனிகள். ஞாயிறு என்பதால் வாசல்களில் சைக்கிள் இல்லை. மல்லிகா வீட்டின் பின்கட்டில் பெரிய பீங்கான் ஜாடிகள் துணி கட்டி வரிசையாக நின்றன. அவர் நாற்பது வயதுக்காரர், சாயப்பட்டறை ஆய்வகத்தில் பல வருஷம் கலர் பார்த்தவர். இஞ்சியை இடித்து, நாட்டுச் சர்க்கரையோடு மூன்று நாள் புளிக்க விட்டு, எலுமிச்சையும் நன்னாரியும் சேர்த்துப் பாட்டிலில் அடைக்கிறார். வாயு தானாக ஏறுகிறது.

"போதை வருமா?" என்று ரகு கேட்டான்.

"ஏப்பம் வருமுங்க."

ஒரு தட்டில் மூன்று சின்ன கிளாஸ் வைத்தார். ஒவ்வொன்றின் அடியிலும் ஸ்டிக்கர்: ஏ, பி, சி. நான் வாய்விட்டுக் கத்திவிட்டேன். ஒரு கலரைச் சாயம் போடுவதற்கு முன்னால் பையருக்குத் துணித் துண்டு அனுப்புவார்கள். ஒன்று அனுப்ப மாட்டார்கள். ஏ, பி, சி என்று லேசான வித்தியாசத்தில் மூன்று. அவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் மொத்தமும் சாயத் தொட்டிக்குள் போகும். மல்லிகா வேலையை விட்டுவிட்டார், பழக்கத்தை விடவில்லை. யார் வந்தாலும் இஞ்சி அளவை மாற்றி மூன்று கொடுத்து, அவர்கள் கைகாட்டியதைத்தான் விற்கிறார்.

ரகு பெங்களூரில் இதே மாதிரிச் சின்னக் குவளைகளை வரிசையாக வைத்து ருசி பார்ப்பவன். முகம் மாறிவிட்டது. ஏ-யை முகர்ந்தான், உறிஞ்சினான், கண்ணை மூடினான். பி. திரும்ப ஏ. சி-யைக் குடித்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

"கமெண்ட்ஸ் இருந்தாச் சொல்லுங்க" என்றார் மல்லிகா.

"பி நல்லாயிருக்கு. ஆனா கடைசில கொஞ்சம் இனிப்பு நிக்குது. இன்னும் ஒரு நாள் புளிச்சா..."

மல்லிகா உள்ளே போய் நான்காவதாக ஒரு கிளாஸ் கொண்டுவந்தார். நான்கு நாள் புளித்தது. இதுவரை யாரும் கேட்கவில்லையாம், தான் குடிப்பதற்கென்று வைத்திருந்தது. ரகு ஒரு மடக்குக் குடித்தான். கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். அப்புறம் மீதியையும் குடித்து, ஒரு நீண்ட ஏப்பம் விட்டு, "பிரமாதம்" என்றான். அவன் வாயால். பாட்டில் முப்பது ரூபாய், எட்டு பாட்டில் வாங்கினான். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. எனக்கோ மல்லிகாவைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது, கட்டிப்பிடித்தேன்.

"படம் பாக்க வர்றீங்களாங்க?" என்று அவர்தான் கேட்டார். ஞாயிறு சாயங்காலம் பக்கத்துக் கம்பெனியின் கட்டிங் ஹாலில் படம் போடுவார்களாம். இரண்டு பெட்டி சோடா அங்கேதான் போகிறது. "இன்னைக்கு ஒடிசாப் படமுங்க. எங்கயும் வராத படம்னு பேசிக்கறாங்க."

எங்கயும் வராத படம். ரகுவின் காது நிமிர்ந்ததை நான் பார்த்தேன்.

ஐந்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். நீளமான ஹால், பச்சைப் பெயின்ட் அடித்த சுவர், மேஜைகளை ஓரம் தள்ளி இடம் செய்திருந்தார்கள். தரையில் ஏற்கெனவே அறுபது எழுபது பேர். விடுதிப் பெண்கள், குடும்பத்தோடு வந்தவர்கள், முன்வரிசை முழுக்க ஒடிசாக்காரர்கள், தலைவாரிப் பூ வைத்து, கோயிலுக்கு வந்தவர்களைப் போல. புரொஜெக்டர் மேஜைமேல் தயார். திரையைத்தான் காணோம். படம் போடும் அந்தோணி ஒரு தூணில் சாய்ந்து நின்றார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இந்தக் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருப்பவர். அழுதுவிடுவார் போலிருந்தது.

"என்னத்தச் சொல்ல? வெட்டிப்புட்டாங்கக்கா."

"எதை?"

"திரைய!"

நடந்தது இது. திரை என்பது நல்ல கனமான வெள்ளைப் பின்னல் துணி. போன ஞாயிறு மடித்துக் கட்டிங் மேஜையின் அடித்தட்டில் வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை அவசர ஆர்டர், பிறந்த குழந்தையைச் சுற்றுகிற சதுரத் துணி. அடித்தட்டில் வெள்ளைத் துணியைப் பார்த்த கட்டிங் ஆட்கள் அதையும் ஆர்டர் துணி என்று அடுக்கில் விரித்து, மெஷினை ஓட்டிவிட்டார்கள். ஒரு துண்டில் பாதியை வெட்டி எடுத்து நனைத்துத் துவைத்துச் சோதித்தபோது அது வேறு மாதிரிச் சுருங்க, அப்போதுதான் ஆர்டர் துணி இல்லை என்று தெரிந்திருக்கிறது. சினிமாத் திரையை வெட்டிப் பச்சைக் குழந்தைக்குப் போர்வை செய்ய இந்த ஊரால்தான் முடியும்.

"வேற வெள்ளைத் துணி?"

"ஹால் நெறைய இருக்கு. எல்லாம் பையருது. தொட்டா மொதலாளி ஹாலத் தரமாட்டாரு. கட்டிங் வேஸ்ட நேத்தே எடைக்குப் போட்டாச்சு. போகச் சொல்லிறலாம்னு பாக்கேன்."

முன்வரிசையில் சுனிதா என்ற பெண் எழுந்து நின்றாள். படத்தை எடுத்தவன் அவள் ஊர்க்காரன், பென்டிரைவில் போட்டு அவளுக்குத்தான் அனுப்பியிருக்கிறான். "அடுத்த வாரம் பாக்கலாமுங்க, பரவால்லீங்க" என்றாள் சுத்தமான கொங்குத் தமிழில். முகம் அப்படிச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் எனக்கு இல்லை. நாளைக் காலை நான் பதில் எழுத வேண்டும். ரகு என் பக்கம் திரும்பினான். முதல் தடவையாக அவன் முகத்தில் ஜெயித்த களை இல்லை, ஏமாற்றம்தான் இருந்தது. அவனுக்கும் அந்தப் படம் வேண்டும்.

"வெட்டின துண்டெல்லாம் எங்கே?" என்று கேட்டேன்.

அந்தோணி ஒரு பிளாஸ்டிக் கூடையைக் காட்டினார். நம்பர் ஒட்டிய சதுரங்கள், பதினொன்றரை. எடுத்து விரலில் தேய்த்தேன். நல்ல துணி, ஓரம் சுருளவில்லை.

"ஃப்ளாட்லாக் மெஷின் இருக்கில்ல? அதுல இணைச்சா தையல் மேடு கட்டாது. மூணு வரிசை, வரிசைக்கு நாலு. திரும்பத் திரை."

"ஞாயித்துக்கெழம டெய்லருக்கு எங்கன போவ?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் ஹாலே சிரித்தது. உட்கார்ந்திருந்த எழுபது பேரில் டெய்லர் அல்லாதவர்கள் ரகு, செந்தில், குழந்தைகள், நான். ஆறு பெண்கள் எழுந்தார்கள், மெயின் சுவிட்ச் போட்டார்கள், மெஷின்கள் உறுமின. ஊசி படபடக்க, சதுரங்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்தன. தைத்து வரும் துணியை வாங்கி மடிக்கிற வேலைக்கு இங்கே கைமடி என்று பெயர். அந்த வேலைக்கு ரகுவை நிறுத்தினேன். துணியைத் தலைகீழாக மடித்தான். "கைமடிக்குப் புது ஆளுங்களா? நெம்ப மெதுவா இருக்காரே" என்று ஒரு பெண் கேட்க, அவன் வேகத்தைக் கூட்டினான்.

சுவரில் ஏற்றிப் பார்த்தபோது கீழ் வலது மூலையில் அரைச் சதுரம் ஓட்டை, பச்சைச் சுவர் பல்லிளித்தது.

"மூலைதானுங்க, பரவால்லீங்க, போடுங்க" என்றார்கள் எல்லோரும்.

ரகு மட்டும் அசையவில்லை. திரைப்படக் கழகத்தில் திரையோரம் ஒரு மடிப்பு இருந்தாலே எழுந்து போய்ச் சரி செய்கிறவன். அந்த ஓட்டையையே பார்த்தான். என்னைப் பார்த்தான். குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தான். நேற்றுப் போட்ட அதே டி-ஷர்ட்டைத்தான் ராத்திரி அலசிப் போட்டு அன்றும் அணிந்திருந்தான்.

"இது இருநூத்தி நாப்பதுதானே?" என்றான்.

நான் பதில் சொல்வதற்குள் கழற்றிவிட்டான். ஹாலில் விசில் பறந்தது. ஒரு பெண் பக்கவாட்டில் பிரித்து, கைப்பகுதியை வெட்டிக் கழித்து, படம் போட்ட பக்கம் சுவரைப் பார்க்கும்படி வைத்துத் தைத்துவிட்டார். கச்சிதமாக உட்கார்ந்தது. வெற்றுடம்போடு நின்றவனுக்கு அந்தோணி ரிஜெக்ட் பெட்டியிலிருந்து ஒன்று எடுத்துக் கொடுத்தார். அந்த அளவில் இருந்தது அது ஒன்றுதான், ரோஸ் நிறம், நடுவில் காது நீண்ட முயல். போட்டுக்கொண்டான்.

படம் ஆரம்பித்தது. கல்யாண ஊர்வலத்தில் வாசிக்கிற ஒரு பேண்டு கோஷ்டி, லாரி ஓட்டுநர் வழி தவறியதால் வேறு ஊர்க் கல்யாணத்தில் போய் இறங்கிவிடுகிறது. அங்கே பெண் வீட்டாருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் அடிதடி. வாசித்தாலும் உதை, நிறுத்தினாலும் உதை. வசனம் ஒடியா, திரையில் மொழிபெயர்ப்பு எழுத்தும் இல்லை. அதற்குத்தான் சுனிதா, ஓரத்தில் மைக் பிடித்து நின்று உடனுக்குடன் தமிழில் சொன்னாள். அவள் தமிழ் கற்றுக்கொண்டது இந்த ஊரில். பெண்ணின் சித்தப்பா அரிவாளைத் தூக்கிக்கொண்டு கர்ஜித்தபோது சுனிதா சொன்னாள்:

"உங்களக் கொல்லாம உடமாட்டேனுங்க!"

ஹால் வெடித்தது. ரகு என் தோளில் அடித்துச் சிரித்தான். ஒடிசாக்காரர்கள் ஒரு முறை சிரித்தார்கள், தமிழ் வந்ததும் எங்களோடு சேர்ந்து மறுபடி சிரித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வெயில் காட்சி வரும்போதெல்லாம் கீழ் மூலையில் லேசாக அந்த நுரைக் குவளை தெரிந்தது. கடைசியில் லாரி கிளம்பும்போது, வாசிக்க வேண்டாம் என்று சொன்ன அதே சித்தப்பா பின்னால் ஓடிவந்து இன்னும் ஒரு பாட்டு கேட்கிறார். லாரி மூலைக்குப் போய், குவளைக்குள் புகுந்து மறைந்தது. ரகு எழுந்து போகவில்லை. விளக்குப் போட்ட பிறகும் எழவில்லை. கண்ணைத் துடைத்துத் துடைத்து முயல் நனைந்திருந்தது. காரமா என்று கேட்டேன், பேசாமல் இரு என்றான்.

கிளம்பும்போது அந்தோணி கத்தரிக்கோலோடு வந்தார். "பிரிச்சிக் குடுத்துருதேன், சாரோட சட்டை."

"வேண்டாம்" என்றான் ரகு. "அப்புறம் அடுத்த வாரம் ஓட்டை தெரியும்."

அன்றைய ரயிலில் எதிரெதிர் கீழ் பெர்த். மிச்சமிருந்த இரண்டு சோடாவைத் திறந்தோம். பையரிடம் கேட்கிற மாதிரியே கேட்டேன். "அப்ரூவலா?"

"வித் கமெண்ட்ஸ்."

"என்ன கமெண்ட்ஸ்?"

"வீடு பெருமாநல்லூர் ரோட்டுல பாரு."

ஈரோடு தாண்டுவதற்குள் என் பதிலை அனுப்பிவிட்டேன். ஒரே வரிதான். இரண்டு முறை படித்துப் பார்த்து, மூன்றாவது முறை சும்மா சந்தோஷத்துக்காகப் படித்தேன்.

பெங்களூரை நான் குறை சொல்ல மாட்டேன். அங்கே நல்ல கடையைத் தேட வேண்டியதில்லை, பலகை வைத்து, நட்சத்திரம் போட்டு அதுவே வந்து நிற்கும். திருப்பூரில் பலகை இல்லை. கேள்வியைச் சரியாகக் கேட்க வேண்டும், சில நேரம் கூடவே உட்கார்ந்து தைக்கவும் வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை, விடைபெறுவதற்காக ரகுவின் பீர் கடைக்குப் போனோம். அவனுடைய நாற்காலியில் அவன், பக்கத்தில் நான். கடைக்காரர் குவளையை வைத்துவிட்டு அவன் சட்டையைப் பார்த்தார்.

"என்ன சார், நம்ம டி-ஷர்ட்டைக் காணோம்?"

ரகு ஒரு மடக்குக் குடித்துவிட்டுச் சொன்னான். "அது எங்க ஊர்ல இருக்கு."